தெய்வானையின் விரல் நுனி

1. வெற்றிலையில் வந்த துண்டு

தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயா ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் மடித்த வெற்றிலையையும் பிடித்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குள் ஓடிவந்தாள். பிள்ளை அழவில்லை. வாயைத் திறந்தபடி, தன்னுடைய கையை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தது. பெயர் தெய்வானை, நான்கு வயது. தேயிலைக் கொழுந்து எடுக்கும் பாக்கியத்தின் மகள்.

"காத்துக்குக் கதவு அடிச்சிருச்சுங்க ஐயா. நான் அந்தாண்டப் பால் ஊத்திக்கிட்டு இருந்தேன்" என்றாள் ஆயா. வெற்றிலையைப் பிரித்தேன். நடுவிரலின் நுனி உள்ளே இருந்தது. பிள்ளையின் பெரிய பற்கள் இரண்டைச் சேர்த்து வைத்த அளவுதான். நசுங்கிப் போயிருந்தது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் டிஸ்பென்சராகச் சேர்ந்து இரண்டாவது வருடம். மாதம் ஒரு தடவை வரும் டாக்டருக்கும் எனக்கும் இடையில் வேறு ஆள் இல்லை. சின்னக் காயத்தை நான் கட்டுவேன். தையல், எலும்பு என்றால் தோட்டத்து லொறியில் நுவரெலியாவுக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். விரல் நுனி போனால் வெளியே நீட்டும் எலும்பைக் கொஞ்சம் நறுக்கி, தோலை இழுத்து மூடித் தைப்பார்கள். எனக்கும் அப்படித்தான் படிப்பித்திருந்தார்கள்.

அன்று அனுப்ப முடியவில்லை. நான்கு நாளாக மழை. அக்கரப்பத்தனை வீதியில் மண் சரிந்து, லொறி பாதி வழியில் திரும்பியிருந்தது.

பாக்கியம் மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு இறங்கி ஓடிவந்தாள். கூடையைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

"அத ஒட்டிருங்க ஐயா. ஊசியால தச்சு ஒட்டிருங்க."

"அது ஒட்டாது பாக்கியம். நசுங்கிப் போச்சு. நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."

காயத்தைக் கழுவினேன். ஏற்புவலி வராமலிருக்க டெட்டனஸ் ஊசி போட்டேன், பெனிசிலின் போட்டேன். துணி புண்ணில் ஒட்டாமலிருக்க, காய்ச்சிய வேசலினில் ஊறிய கோஸ் வலைத்துணியை நுனியில் சுற்றிக் கட்டினேன். கட்டும்போது ஒன்றைக் கவனித்தேன். நகத்தின் அடிப்பாதி இன்னும் இருந்தது. அதைப் பிடுங்கிவிடலாமா என்று யோசித்தேன். பிள்ளைக்கு இன்னொரு வலி எதற்கு என்று விட்டுவிட்டேன். அதை அறிவு என்று சொல்ல மாட்டேன், இரக்கம்தான்.

2. ஆறாம் நாள்

ஆறாம் நாள் வீதி திறந்தது. பிள்ளையை ஏற்றவா என்று லொறிக்காரர் வந்து கேட்டார். ஏற்றுவதற்கு முன் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். சீழ் இல்லை, கெட்ட வாடையும் இல்லை. வெட்டுவாய் முழுக்கச் சிவப்பாக, நனைந்த குரக்கன் தானிய மணிகளைப் பரப்பியது போலிருந்தது. நீட்டிக்கொண்டிருந்த எலும்பு முனை கண்ணுக்குத் தெரியவில்லை. அதை ஏதோ மூடியிருந்தது.

"அங்க கொண்டு போனா என்னா செய்வாங்க?" என்றாள் பாக்கியம்.

உள்ளதைச் சொன்னேன்.

"இன்னும் வெட்டுவாங்களா? அப்ப வேணாங்க ஐயா. நீங்களே கட்டுங்க."

வற்புறுத்தி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. அவளுக்கு அந்த முனையில் ஏதோ நடப்பது போலத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. என்னவென்று பார்க்க ஆசையாக இருந்தது.

மறு வாரம் டாக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நடுத்தர வயது, கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். கழற்றினார்.

"உதென்ன காணும்? விரலைத் தைக்காமல் கட்டி வைச்சிருக்கிறீர்?"

"ரோட்டு ஒடஞ்சிருந்துச்சுங்க சேர்."

"ரோட்டுத் திறந்து இப்ப எத்தினை நாள்? சீழ் வைச்சு எலும்பு அழுகினால் ஆர் பொறுப்பு, நீரோ? தோட்டத் துரைக்கு ஒரு கடதாசி எழுதினனெண்டால் நாளைக்கு உமக்கு வேலை இல்லை, தெரியுமோ?"

தெரியும் என்றேன். பிறகு அவர் பிள்ளையின் கையை எடுத்து முகர்ந்தார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். யன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெய்வானை அவருடைய கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தாள். அவர் அதைக் கவனிக்கவேயில்லை.

"நுனி முந்தியும் இப்பிடி உருண்டையாய்த்தான் இருந்ததோ?"

"இல்லீங்க சேர். வெட்டு நேரா இருந்துச்சு. இப்பதான் உருண்டு வருது."

பிள்ளையின் கையை இறக்கிவிட்டார். "ரெண்டு கிழமை தாறன். ஒரு சொட்டுச் சீழ் கண்டாலும் அண்டைக்கே அனுப்பிப்போடும். ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கேக்கையும் விரலைக் கடதாசியிலை கீறி வையும்" என்றார்.

3. ஓடை நண்டு

அப்படித்தான் வரையத் தொடங்கினேன். மூன்று நாளைக்கொரு தடவை கட்டைப் பிரிப்பேன். தெய்வானையின் கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைவேன். அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஐந்து விரலையும் வரையச் சொல்வாள்.

மூன்றாம் வாரம் நுனியில் ஒரு சிவந்த மொக்கு தெரிந்தது. பாக்கியம் அதைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஓடையில நண்டுக்குக் கால் மொளைக்குமே ஐயா, அதாட்டம் இருக்கு."

நண்டுக்குக் கால் முளைக்கும் என்பது எனக்குத் தெரியாது. சளிக்கு ரசம் வைக்க ஓடையில் நண்டு பிடிக்கிற பெண்களுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு பால்மாவு டின்னில் நண்டொன்றைக் கொண்டுவந்தாள். ஒரு பக்கம் பெரிய கொடுக்கு. மறு பக்கம் கொடுக்கு இருக்க வேண்டிய இடத்தில், உடம்போடு ஒட்டி, மடித்து வைத்த குழந்தைக் கை போல ஒரு சின்ன மொட்டு.

எனாமல் பேசினில் கல்லும் தண்ணீரும் போட்டு அதை மேசைக்கடியில் வளர்த்தேன். சோற்றுப் பருக்கையும் மண்புழுவும் தின்றது. சில வாரம் கழித்து ஒரு காலையில் பேசினில் இரண்டு நண்டுகள் இருந்தன. ஒன்று வெறும் ஓடு. மற்றது அதிலிருந்து வெளியே வந்த, மெழுகு போல மெத்தென்ற நண்டு. அந்த மொட்டு பிரிந்து முழுக் கொடுக்காகியிருந்தது. மற்றதைவிடச் சிறியது, ஆனால் எதுவும் குறையவில்லை. நான் பென்சிலை நீட்ட, புதுக் கொடுக்கால் பிடிக்கப் பார்த்தது. வெளியே மருந்துக்கு வரிசை நின்றது. நான் மண்டியிட்டு நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெய்வானையின் விரலும் நின்றுவிடவில்லை. மொக்கு நீண்டது. நகம் முதலில் கிளி மூக்குப் போல வளைந்து வந்தது, பிறகு நிமிர்ந்தது. மூன்று மாதத்துக்குள் மற்றக் கை நடுவிரலோடு சேர்த்து வைத்தால் நெல் முனையளவுதான் குறைவு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தோலில் ரேகைகள் ஓடின.

டாக்டர் பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லி அந்த விரலைத் தொட்டார். பஞ்சால் ஒரு முறை, ஊசி முனையால் ஒரு முறை. தெய்வானை இரண்டையும் சரியாகச் சொன்னாள்.

"எனக்கு விளங்கேல்லை. நான் படிச்ச ஒரு புத்தகத்திலையும் இது இல்லை" என்றார். அப்படிச் சொன்ன முதல் டாக்டரை அன்றுதான் பார்த்தேன்.

தோட்டம் முழுக்கக் கதை பரவியது. 'டாக்டரய்யா வெரல மொளைக்க வச்சிட்டாரு' என்று என்னைத்தான் சொன்னார்கள். அப்படி இல்லை என்று நான் சொல்லவில்லை.

4. வேலு

அடுத்த வருடம் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து அரைக்கிற ரோலர் மெஷினில் வேலுவின் கை மாட்டியது. முப்பது வயது, மெஷின் வேலையில் கெட்டிக்காரர். வலது ஆள்காட்டி விரல் நடு மூட்டுக்குச் சற்று மேலே போயிருந்தது. லொறி டிஸ்பென்சரி வாசலிலேயே தயாராக நின்றது. வீதியில் ஒரு தடையும் இல்லை.

"பெரியாஸ்பத்திரி வேணாங்க ஐயா" என்று வேலு என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "அங்க போனா நறுக்கித் தச்சிருவாங்க. பாக்கியம் மகளுக்குச் செஞ்சீங்களே, அதையே எனக்குஞ் செய்ங்க."

என் மனதில் நண்டு இருந்தது. வளர்ந்த நண்டுதான் அது, குஞ்சு இல்லை. அதற்கு முழுக் கொடுக்கே முளைக்கிறதென்றால் இவருக்கு அரை விரல் முளைக்காதா? அந்தக் கேள்வி நெஞ்சில் குறுகுறுத்தது.

"ரெண்டு நாள் பாப்போம்" என்று சொல்லி லொறியைத் திருப்பி அனுப்பினேன்.

அதே வேசலின் கோஸ், அதே பெனிசிலின். மூன்றாம் நாள் வரை காயம் சும்மா இருந்தது. நான்காம் நாள் கட்டைப் பிரித்ததும் வாடை அடித்தது. உள்ளங்கை வீங்கிப் பளபளத்தது. மாலைக்குள் காய்ச்சலில் பிதற்றத் தொடங்கிவிட்டார். நானே லொறியில் கூடப் போனேன். விரலை அடியோடு எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கையே போயிருக்கும் என்றார்கள்.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரி வாட்டில் போய்ப் பார்த்தேன். கட்டிலோரம் நின்றேன்.

"ஒக்காருங்க ஐயா" என்றார். "மொளைக்கணும்னு நான் ஆசப்பட்டேன். மொளைக்குதான்னு பாக்கணும்னு நீங்க ஆசப்பட்டீங்க. ரெண்டு பேரு ஆசையும் சேந்து வெரலக் கொண்டு போயிருச்சு."

அவர் திட்டவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

5. எங்கே வெட்டுப்பட்டது

டாக்டர் இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை. கடிதமும் எழுதவில்லை. "பிள்ளையின்ரை விரலையும் இவன்ரை விரலையும் பக்கத்திலை வைச்சுப் பாத்தனீரோ, லொறியைத் திருப்பி அனுப்ப முந்தி?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லீங்க சேர்."

"அப்ப இப்ப எண்டாலும் பாரும்."

பார்த்தேன். தெய்வானையின் முதல் படத்தில் நகத்தின் அடிப்பாதி இருந்தது. அதன் அடியில் பிறை போன்ற வெள்ளையும் இருந்தது. அன்று வலிக்குமே என்று நான் பிடுங்காமல் விட்டது. வேலுவின் விரலில் நகம் இருந்த இடமே போய்விட்டிருந்தது.

பிறகு நண்டுகளையும் ஒழுங்காகப் பார்த்தேன். ஓடையில் பிடிப்பவர்களிடம் கேட்டு வாங்கிப் பார்த்ததில், எல்லாவற்றிலும் மொட்டு உடம்பை ஒட்டிய ஒரே மூட்டில்தான் இருந்தது. கால் கடிபட்டால் நண்டு தானாகவே அந்த மூட்டில் கழற்றிவிடுகிறது. முளைப்பதும் அங்கிருந்துதான். அதற்கு அது ஓர் இடம் வைத்திருக்கிறது. நமக்கும் ஓர் இடம் இருக்கிறது, ஆனால் மிகச் சின்ன இடம், நகத்தின் வேர். இதை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லவில்லை. கண் முன்னே இருந்ததைத் தாமதமாகப் பார்த்தேன்.

வேலை விட்டுப் பல காலமான பிறகு ஓர் இளம் டாக்டர் எனக்கு இதை விளக்கினார். நக வேரில் இருக்கும் சில செல்கள்தான் எலும்புக்கும் நரம்புக்கும் 'வளரலாம்' என்று தகவல் கொடுக்கின்றனவாம். எலிகளில் பார்த்திருக்கிறார்களாம். நகத்துக்குக் கீழே வெட்டுப்பட்டால் அந்தத் தகவல் கொடுக்க ஆள் இல்லை. மீனும் பல்லியும் செய்வதை நாம் ஏன் இவ்வளவு குறைவாகச் செய்கிறோம் என்பது இன்னும் முழுதாகத் தெரியாது என்றார். தெரியாது என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

வேலுவுக்கு மெஷின் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கொழுந்து வாட்டும் மாடியில் போட்டார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு நாள், தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு ஐயாவின் சைக்கிள் செயினில் விரலை விட்ட ஐந்து வயதுப் பையன் ஒருவனை அவன் அப்பா தூக்கி வந்தார். கழுவிப் பார்த்தேன். நகம் முழுதாகப் போயிருந்தது. வெட்டு அதற்கும் கீழே.

"லொறிக்குச் சொல்லியாச்சு. ஒடனே கொண்டு போயிருங்க" என்றேன்.

"ஏங்க ஐயா, பாக்கியம் மகளுக்கு மட்டும் மொளைக்க வச்சீங்க. எம்புள்ளைக்கு மாட்டீங்களா? ஆளப் பாத்து வைத்தியமா?"

நகம், வேர், பிறை என்று என்னென்னவோ சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. பையனைத் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டுக்கே திரும்பப் போனார். வாசலில் இருமல் மருந்துக்கு நின்றிருந்த வேலு அவரை மறித்தார். வலது கையை விரித்துக் காட்டினார். அந்த மனிதர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு லொறியில் ஏறினார். பையனைத் தூக்கிக் கொடுத்தது வேலுதான்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஆச்சரியமான காயம் வந்தால் நன்றாகப் பாருங்கள், வரைந்து வையுங்கள். முளைத்த விரலை மட்டும் எழுதி வைக்காதீர்கள். முளைக்காத விரலையும், அது எங்கே வெட்டுப்பட்டது, யார் தாமதித்தது என்பதோடு சேர்த்து எழுதுங்கள். என்னுடைய குறிப்பில் வேலுவின் விரலுக்குப் பக்கத்தில், யார் தாமதித்தது என்பதற்கு எதிரே என் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன்.