பெரிய டீச்சரும் ராஸ்பெரிச் செடிகளும்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் எஸ்தர் ஞானப்பூ அம்மாள் இறந்துபோன செய்தி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், அறிவிப்பு நேரத்தில் வந்தது. திருமண ஓலை வாசித்து முடித்த போதகர், அசன விருந்துக்கு அரிசி கொண்டுவரச் சொல்வதற்கு முன்னால் அதைச் சொன்னார். யாரும் அழவில்லை. பன்னிரண்டு வருடம் அந்த அம்மாளின் கீழ் வேலை பார்த்த தையல் டீச்சர் என் பக்கம் குனிந்து, "நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, டீச்சரே?" என்று கேட்டாள்.

பள்ளிக்கூட மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி புதிய தலைமையாசிரியை என்னிடம் கேட்டுக்கொண்டார். நல்லதாக எழுதும்படியும் சொன்னார். நல்லதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இதைப் படிக்கிற நீங்கள் பெரிய டீச்சரிடம் படித்தவர்கள், அல்லது அவரிடம் வேலை பார்த்தவர்கள். உங்களிடம் பொய் சொல்லிப் பயன் இல்லை.

நான் வண்டிக்காரர் மகள். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. வேலையில் சேர்ந்த அன்று அவர் என் சான்றிதழை விரல் நுனியால் தள்ளிவைத்துவிட்டு, "பி.ஏ. காகிதத்தில் வந்துவிடும், பிள்ளே. நாற்காலியில் உட்காரத் தெரிவது வீட்டிலிருந்து வரவேண்டும்" என்றார். நான் எழுந்து நின்றுகொண்டேன். அவரிடம் பட்டம் எதுவும் இல்லை என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

பேச்சிப்பாறை வழியில் இருந்த அவருடைய பங்களாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பின்னால் மா, பலா, ஐந்தாறு வகை வாழை. அவற்றில் எதையும் அவர் விருந்தினருக்கு வைக்கமாட்டார். "வாழைப்பழம் குரங்குக்கும் கிடைக்கிறது" என்பார். மலை எஸ்டேட் துரைசாணி ஒருத்தி ஆறு ராஸ்பெரிக் கன்றுகளை அவருக்குக் கொடுத்தாள். அன்று முதல் அந்தத் தோட்டத்தில் வேறு செடியே இல்லை என்பதுபோல் நடந்துகொண்டார்.

கன்றுகளோடு ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளும் வந்திருந்தது. ராஸ்பெரியில் இரண்டு ஜாதி உண்டாம். ஒன்று போன வருடத்துத் தண்டில் கோடையில் காய்ப்பது. மற்றது அந்த வருடம் முளைத்த தண்டிலேயே, கோடை போனபிறகு காய்ப்பது. நம்முடையது இரண்டாவது. காய்த்து ஓய்ந்ததும் எல்லாத் தண்டையும் தரையோடு வெட்டிவிட்டால், வேரிலிருந்து புதுத்தண்டு வரும், அதில் பழம் வரும். இதைத் தோட்டக்காரருக்காகத் தமிழில் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "வெட்டுவதாவது. நான் ஊட்டியில் பார்த்திருக்கிறேன். தண்டை வளரவிட வேண்டும்" என்று மேஜைக்குள் போட்டுவிட்டார்.

தோட்டக்காரர் தங்கப்பன் புதுக்கடை ஊர்ப் பக்கத்துக்காரர். மனைவியோடு தோட்டத்து மூலையில் ஒரு குடிசையில் இருந்தார். சீமைச் செடிக்குக் குளிர் வேண்டும் என்று அம்மாள் புதுப்பானைகள் வாங்கினார். பானையில் ஊறிக் குளிர்ந்த தண்ணீரைத்தான் வேருக்கு ஊற்ற வேண்டும். "செடிக்குப் பானத்தண்ணி, நமக்குக் கெணத்துத்தண்ணி" என்று தங்கப்பன் சமையற்காரியிடம் சொல்லிச் சிரித்ததை நான் கேட்டிருக்கிறேன்.

முதல் வருடம் மழையோடு மழையாக ஏழு பழம் வந்தது. இரண்டை எறும்பு தின்றது. மிச்சத்தை வெள்ளைத் தட்டில் வைத்து, மேலே சல்லாத்துணி போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் திறந்து காட்டினார். யாருக்கும் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் தட்டோடு பூசணம் பிடித்தது.

மாசியில் ஒரு காலை தங்கப்பன் ஆறு செடியையும் தரையோடு வெட்டிவிட்டார். அம்மாள் என்னையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.

"யார் சொல்லி வெட்டினாய்?"

"யாரும் சொல்லல்லம்மா. இதும் வாழமாதிரிதானே. காச்ச தண்டு காஞ்சு போச்சு. அடியில கன்னு முட்டிக்கிட்டு நிக்குது. கொல வெட்டின வாழைய நிறுத்தி வச்சா கன்னு எப்பிடித் தேறும்?"

"சீமைச் செடிக்கு வாழைக் கதை சொல்கிறான், கேட்டாயா?" என்று அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

தங்கப்பன் அரிவாளைக் கீழே வைத்தார். "டீச்சர் அந்தக் கடலாசப் படிச்சிருக்குல்லா. அதுல என்ன போட்டிருக்குண்ணு நீங்களே சொல்லுங்க, டீச்சரே."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் தகுதிகாண் வருடம் அந்த வாரத்தோடு முடிந்தது. என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு கையெழுத்தாகாமல் அம்மாளின் மேஜையில் கிடந்தது.

"எனக்கு நினைவில்லை" என்றேன்.

"பி.ஏ.வுக்கு நினைவில்லையாம்" என்றார் அம்மாள். அன்று போல் அவர் என்னிடம் சந்தோஷமாகப் பேசியதில்லை. சாயங்காலம் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை தங்கப்பன் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். அவர் மனைவி இரண்டு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

வெட்டிய இடத்திலிருந்து புதுத்தண்டுகள் இடுப்புயரம் வந்தன. ஐப்பசியில் ஒரு சாசர் நிறையப் பழம். பாதி மழையில் ஊறிப் புளித்திருந்தது. துரைசாணியைத் தேநீருக்கு அழைத்து, அம்மாள் நல்ல ஆங்கிலத்தில் விளக்கினார்: "இரக்கம் பார்க்காமல் தரையோடு வெட்டிவிட வேண்டும். நான் அப்படித்தான் செய்யச் சொன்னேன்." நான் கோப்பையில் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். அடுக்களையில் சமையற்காரி ஒரு பழத்தை வாயில் போட்டுப் பார்த்துத் துப்பினாள். "சவம். இதுக்காக்கும் ஒரு மனுசன வெளிய தள்ளினது." தங்கப்பனைத் திரும்பக் கூப்பிட அம்மாளுக்குத் தோன்றவில்லை. தோன்றச் செய்ய நானும் வாய் திறக்கவில்லை.

போன சனிக்கிழமை புதுக்கடைச் சந்தைக்குப் போனேன். தங்கப்பன் வாழைக்கன்று விற்றுக்கொண்டிருந்தார். பெரிய டீச்சர் இறந்துவிட்டதைச் சொன்னேன்.

"கேள்விப்பட்டேன். அந்தச் செடி காச்சுதா?"

"காச்சுது. நீங்க வெட்டினதுதான் சரி. அந்தக் காகிதத்திலேயும் அப்படித்தான் போட்டிருந்தது."

அவர் ஒரு கன்றின் வேர்மண்ணை உதறினார். "அது எனக்குத் தெரியாதா, டீச்சரே? கன்னு நிண்ணத கண்ணால பாத்துட்டுல்லா வெட்டினேன். நீங்க சொல்லுவியளாண்ணு பாத்தேன், அம்புட்டுதான்."

"ஓய், இது மட்டியா, செந்தொளுவனா?" என்று ஒருவர் வாழை ரகத்தைக் கேட்க, தங்கப்பன் அவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எஸ்தர் ஞானப்பூ அம்மாளைப் பற்றி நான் எழுதியதில் ஒரு வரியும் கூடுதல் இல்லை. ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது இதில் ஒரு வரியும் நான் சொல்லவில்லை. அதையும் சேர்த்துப் படியுங்கள். அவருடைய நினைவாக என்னிடம் இருப்பது அந்த உத்தரவு. அழகான கையெழுத்து. அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.