ஏழாவது நகல்

தபால் பிரிவு குமாஸ்தா என்பவன் கடிதம் எழுதியவரிடமும் திட்டு வாங்குவான், அது போய்ச் சேர்ந்தவரிடமும் திட்டு வாங்குவான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். எழுபதுகளின் கடைசியில், அவனியாபுரம் பக்கம் ஒரு நூல் மில்லில் எனக்கு அந்த வேலை.

சுவருக்கு அந்தப் பக்கம்

பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினின் பெல்ட்டை மூடியிருந்த தகரம் உடைந்து விழுந்துவிட்டது. மெஷினை ஓட்டிய பெரியகருப்பன் ஃபோர்மேனிடம் புது மூடி கேட்டார். ஃபோர்மேன் அறைக்கும் ஸ்டோருக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். ஆனாலும் மெமோ எழுதி, மேனேஜர் கையெழுத்து வாங்கி, என்னிடம் நம்பர் போட்டுத்தான் அந்தச் சுவரைத் தாண்ட வேண்டும். ஒரு குரல் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். ஃபோர்மேன் முறைத்தார்.

"குரலுக்கு ஏதுய்யா நகலு? நான் கேக்கவே இல்லைன்னு நாளைக்குச் சொல்லிட்டாய்ங்கன்னா?"

பார்த்தேன்

கார்பன் வைத்து ஏழு நகல். பதவி வரிசைப்படிதான் போகும். பளிச்சென்ற முதல் தாள் மேனேஜருக்கு. மூடியை எடுத்துக் கொடுக்க வேண்டிய ஸ்டோர் குமாஸ்தாவுக்கு, எழுத்தே தெரியாத ஏழாவது. எல்லோரும் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டார்கள், அவனும்தான். ஆத்திரத்தோடு அவனிடம் போய், பெல்ட் மூடி கேட்டிருக்கிறார்கள் என்று வாயாலேயே சொன்னேன்.

"எழுத்துத் தெரியிற தாளாக் கொண்டா மாப்ள, தாரேன். வாயில சொன்னதுக்குச் சரக்குக் குடுத்தா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாய்ங்க."

கைப்பட எழுதவும்

ஸ்டோருக்காக மறுபடி எழுதிய புது மெமோ மேனேஜர் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. மெஷினை நிறுத்தச் சொல்லி ஒருவரும் எழுதவில்லை, அதனால் அது ஓடியது. நான்காம் நாள் பெரியகருப்பனின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. அன்று சாயங்காலத்துக்குள் மூடி வந்துவிட்டது, மெமோ இல்லாமல், நம்பர் இல்லாமல்!

மறுநாள் ஒரு மெமோவோடு என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். விபத்து எப்படி நேர்ந்தது என்று தொழிலாளி தம் கைப்பட எழுதித் தர வேண்டுமாம். படித்துக் காட்டும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எடது கையில எழுதுனா வாங்கிக்கிருவாகளாண்ணே?"

எங்கள் மில்லில் மெமோ எழுதியது ஒருவருக்கொருவர் சேதி சொல்ல அல்ல, யார் தலையாவது உருளும்போது அது தன் தலையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளத்தான்.