நிதி கொண்டுவந்த படம்

முத்தம்மாளின் படம் கப்பலேறி வெளிநாடு போயிற்று. வழவழப்பான தாளில் அச்சாகி, கோட்டுப் போட்ட கனவான்களின் மேசைமேல் கிடந்தது. முத்தம்மாள் ஜவ்வாது மலையை விட்டு இறங்கியது ஒரே ஒரு தடவை. அந்தப் படத்துக்குப் பதில் சொல்வதற்காக.

புதூர்நாட்டுக்கு மேலே, ஜீப்பும் ஏறாத சரிவில் இருந்தது அவள் ஊர். புருஷன் விஷக் காய்ச்சலில் போய்விட்டான். மிஞ்சியவை, இடுப்பில் ஒரு பெண் குழந்தை செந்தாமரை, மலைச்சரிவில் ஒரு கொத்துக்காடு. அங்கே ஏர் போகாது. கோடையில் புதரை வெட்டிக் காயப்போட்டுக் கொளுத்துவார்கள். மழை விழுந்ததும் நிலத்தைக் கொத்திச் சாமை விதைப்பார்கள். அந்தச் சாமைதான் தாய்க்கும் மகளுக்கும் சோறு. அது இல்லையென்றால் சோறு இல்லை. இந்தக் கதையில் இதற்கு மேல் விளங்கிக்கொள்ள வேண்டிய தத்துவம் எதுவும் கிடையாது.

கொத்துக்காட்டுக்கு ஆண்தான் தீ வைக்க வேண்டும் என்பது ஊர்க் கட்டு. வெட்டுவது, சுமப்பது, கொத்துவது, களையெடுப்பது எல்லாம் பெண். தீ வைக்க மட்டும் ஆண். பெண் கை பட்டால் மழை கோபித்துக்கொள்ளுமாம். புருஷன் செத்த பிறகு கொழுந்தன் அர்ச்சுனன் வந்து தீ வைத்துக் கொடுத்தான். அந்த ஒரு வேலைக்காக அறுவடையில் ஒரு பங்கைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஐம்பத்தெட்டாம் வருஷக் கோடையில் பட்டணத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். மலை அணிலைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அணிலுக்காக உண்மையிலேயே கண்ணீர் விட்டவர். காட்டையும் காட்டு உயிர்களையும் காப்பதற்குப் பணம் கொடுக்கும் சங்கம் ஒன்று வெளிநாட்டில் இருந்தது. அதற்கு அவர் அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. உயிரினங்களின் பெயர்கள் எங்களுக்கு நிறைய வருகின்றன, அவற்றுக்கு என்ன ஆபத்து என்பது தெரியவில்லை என்று பதில் எழுதியிருந்தார்கள். பேராசிரியர் ஆபத்தைத் தேடித்தான் மலையேறினார். வாணியம்பாடி சத்தாரின் ஜீப்பை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு வந்து, ஜீப் நின்ற இடத்திலிருந்து சத்தாரையும் கூட்டிக்கொண்டு நடந்தார்.

முத்தம்மாள் காய்ந்த புதரைக் குவித்துவிட்டுக் காத்திருந்தாள். அர்ச்சுனன் பந்தத்தோடு வந்தான். பேராசிரியர் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். பிறகு இறக்கினார்.

"நீ வேண்டாம்பா. பந்தத்தை அந்தப் பொம்பளை கையில குடு."

அர்ச்சுனன் சிரித்தான். "பொம்பள வெக்கக் கூடாதுங்க சாமி. மழ வராது."

"ஒரு நிமிஷம்தான். குழந்தையை இறக்க வேண்டாம், இடுப்புலயே இருக்கட்டும்."

"எனுக்கு வேணாங்க," என்றாள் முத்தம்மாள். "ஊருக்குத் தெரிஞ்சா எவ வூட்டாண்டயும் என்னச் சேக்க மாட்டாங்க."

சத்தார் பீடியை மிதித்து அணைத்தான். "சார், ஆம்பள கொளுத்துனா காடு வேற மாதிரியா எரியும்?"

"உனக்குப் புரியாது சத்தார். ஆம்பளை நின்னா விவசாயம் மாதிரி இருக்கு. கைக்குழந்தையோட ஒரு பொம்பளை கொளுத்தினா, பார்க்கிறவனுக்கு நெஞ்சு பதறும்." முத்தம்மாள் பக்கம் திரும்பினார். "இந்தப் படம் போனா நிதி வரும்மா. உங்களுக்குப் பள்ளிக்கூடம், விதை எல்லாம் கேட்டு எழுதப் போறேன்."

"வெய்யி அண்ணி," என்றான் அர்ச்சுனன். "அம்மாந்தொலவுலேர்ந்து வந்து கேக்குறாரு. நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்."

வைத்தாள். புகை அவள் முகத்தில் பாதியை மறைத்தது. குழந்தை வாயைத் திறந்து வீறிட்டது. பேராசிரியர் படம் பிடித்தார்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். பள்ளிக்கூடமும் விதையும் கேட்டு எழுதினார். மனிதர்களுக்கு உதவ வேறு சங்கங்கள் இருக்கின்றன என்று பதில் வந்தது. அணில் ஆராய்ச்சிக்கும், முள்கம்பி வேலிக்கும், ஒரு காவலாளிக்கும் நிதி வந்தது. முதல் வேலியை முத்தம்மாளின் கொத்துக்காட்டைச் சுற்றிப் போட்டார்கள். பணம் கொடுத்தவர்கள் படத்தில் பார்த்த இடம் அதுதானே! காவலாளி வேலை அர்ச்சுனனுக்குக் கிடைத்தது. காக்கிச் சட்டை அவனுக்குப் பொருத்தமாகவே இருந்தது.

ஊர் கூடியது. வேலி போட்டவன் யார் என்று யாரும் கேட்கவில்லை. தீ வைத்தவள் யார் என்று கேட்டார்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்ற அர்ச்சுனன்தான் முதலில் சொன்னான், பந்தத்தைக் கொடுத்தது தான் என்பதை விட்டுவிட்டு. பெண் கை தீயைத் தொட்டதால் மண்ணுக்குக் கேடு வந்தது என்று தீர்த்தார்கள். முள்கம்பி வானத்திலிருந்து விழுந்தது போல! அவளுக்கு நெருப்பில்லை, தண்ணீரில்லை, பேச்சில்லை. பட்டணத்து விஞ்ஞானமும் மலையின் மூடத்தனமும் வேறு எதிலும் ஒத்துப்போனதில்லை. குற்றவாளி முத்தம்மாள் என்பதில் மட்டும் ஒத்துப்போயின.

காட்டுக்கிழங்கு தோண்டித் தின்றார்கள். மழைக்காலத்தில் அதுவும் கிடைக்கவில்லை. செந்தாமரை வயிற்றுப்போக்கில் சுருண்டாள். ஒரு விடியலில் அசையவில்லை.

பிள்ளையைக் குழியில் இறக்கும்போது ஊரில் ஒருவர் "இது யார் புள்ள?" என்று கேட்க வேண்டும். பெற்றவள் "என் புள்ள" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் பிள்ளை அலையாமல் அடங்கும் என்பது அங்கே வழக்கம். செத்த பிள்ளை அலையாது என்பது அறிவுள்ள எவருக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்வதற்குக்கூட அவளிடம் யாரும் வரவில்லை. சாமைக்கு நிலம் கொத்திய கொத்தாலேயே குழி வெட்டி, கேள்வி கேட்க ஆளில்லாமல் மூடினாள். அந்த வருஷ அறிக்கையில் மலை அணில்கள் பெருகியிருப்பதாகப் பேராசிரியர் எழுதினார். பொய் இல்லை. பெருகித்தான் இருந்தன.

அடுத்த பருவத்தில் அவள் கம்பியைத் தூக்கி உள்ளே நுழைந்தாள். தீ வைக்கவில்லை. நிலத்தைக் கொத்தி, விதைக்கென்று முடிந்து வைத்திருந்த ஒரு பிடி சாமையை விதைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, வெளிய வா," என்றான் அர்ச்சுனன். "நான் இப்ப டூட்டில கீறேன்."

"இன்னா டூட்டி? என் சாமையத் தின்னு வளந்த ஒடம்புதான அது?"

அவன் அவள் கையைப் பிடித்து முறுக்கி, கொத்தைப் பிடுங்கினான்.

அடிவாரத்துக் கோர்ட்டுக்கு அவளை ஏற்றிப்போனது சத்தாரின் ஜீப்தான். காவலுக்கு வந்தவர்கள் வழியில் டீக்கடையில் இறங்கியபோது, அவன் குரலைத் தாழ்த்தினான்.

"கேட்டுக்கம்மா. உள்ள பூந்ததுக்கு அதட்டி வுட்ருவாங்க. காட்டக் கொளுத்துனன்னு கேஸ் ஆனாத்தான் ஜெயிலு. அதுக்கு அவுங்களாண்ட கீறது அந்தப் போட்டோ ஒண்ணுதான். படம் புடிச்சவரு கோர்ட்டுக்கு வரல. அது நான் இல்லன்னு சொல்லிடு. பாதி மூஞ்சி பொகையில கீது."

"அர்ச்சுனன் சொல்லிட்டா?"

"பந்தம் குடுத்தவன் எங்க வாயத் தொறப்பான்? என்னியக் கேட்டா எனுக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்லிட்றேன். பாத்து ஓட்டுறா சத்தாருன்னு ஜட்ஜே ரோட்ட வுட்டு ஒதுங்கிப் போவாரு."

அவள் சிரிக்கவில்லை. "சரி பாய். இல்லன்னு சொல்றேன்," என்றாள்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் படத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "காட்டுக்குத் தீ வைக்கிற இந்தப் பொம்பளை நீயா?"

"இல்லீங்க."

அர்ச்சுனன் தரையைப் பார்த்தான். சத்தார் மூச்சை விட்டான். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். மாஜிஸ்திரேட்டுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். ஆனாலும் படத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, அதை அவளிடம் காட்டச் சொன்னார். அந்தப் படத்தை அவள் அதுவரை கண்ணால் கண்டதில்லை. புகைக்கு வெளியே, தெளிவாக, வாயைத் திறந்து அழுதுகொண்டு, செந்தாமரை இருந்தாள்.

"அப்போ இது யார் புள்ள?" என்றார் மாஜிஸ்திரேட்.

அவளுடைய ஊரில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

"என் புள்ள," என்றாள் முத்தம்மாள்.

சத்தார் தலையில் கை வைத்துக்கொண்டான். மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். "யோசிச்சுச் சொல்லு."

"என் புள்ளைங்க. செந்தாமரை. என் புள்ள."

தண்டனையைப் படித்தபோது அவள் கவனிக்கவில்லை. படத்தைத் தனக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். அது சாட்சியப் பொருள், கொடுக்க முடியாது என்று சொல்லி உறையில் போட்டுக் கட்டினார்கள். சிறைக்குப் போனவள் காசநோயில் அங்கேயே முடிந்தாள். வெளிநாட்டுச் சங்கம் நிதியை நீட்டித்தது. அதன் மலரில் அதே படம் அட்டையில் வந்தது. கீழே பெயர் இல்லை.

அவள் சிறைக்குப் போன வருஷம் மழை நன்றாகவே பெய்தது. வேலிக்குள் அவள் விதைத்த சாமை முளைத்து, முழங்கால் உயரம் நின்றது. பாதுகாத்த காட்டில் வேற்றுப் பயிர் இருக்கக் கூடாது என்று பேராசிரியர் எழுதி அனுப்பினார். அர்ச்சுனன் ஒன்றுவிடாமல் பிடுங்கிப் போட்டான். சம்பளம் நிதியிலிருந்து வந்தது.