பத்துக் கிழமை ஒப்பந்தம்

என் கணவருக்கு முப்பத்தெட்டு வயது நடந்தபோது, அமெரிக்காவுக்குக் கிரிக்கெட் விளையாட வரும்படி அவருக்கு அழைப்பு வந்தது. அவர் லண்டனின் லூயிஷாமில் ரயில் நிலையத்தில் வேலை செய்கிறார். கோடைகால ஞாயிறுகளில் லண்டன் தமிழ்க் கழகங்களுக்கிடையே நடக்கும் போட்டிகளில் இடது கையால் சுழற்பந்து வீசுவார். நன்றாகவே வீசுவார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு மட்டும் நல்ல பந்துவீச்சாளர் ஒருவரைத் தேடி இன்னொரு கண்டத்திலிருந்து ஆள் வருமா?

அழைத்தவர் தமிழ்நாட்டுக்காரர். பகலில் கணினி வேலை, மிச்ச நேரத்தில் அமெரிக்க நகரம் ஒன்றின் அணிக்கு மனேஜர் என்று சொன்னார். பெரிய லீக்கிற்கு அடுத்த படியில் உள்ள தொழில்முறை அணியாம். எங்கள் கழகம் இணையத்தில் போட்டிருந்த வீடியோவில் இவருடைய பந்துவீச்சைப் பார்த்தாராம். பத்துக் கிழமை, அதாவது இரண்டரை மாதம், வந்தால் போதும், வீடும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு, சின்னச் சம்பளமும் உண்டு.

என் அப்பா ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு ஏஜென்சிக்காரனை நம்பி மூன்று நாடுகளில் அடைபட்டுக் கிடந்துதான் இங்கே வந்து சேர்ந்தவர். அந்த ஏஜென்சிக்காரனும் இப்படித்தான் மரியாதையாகப் பேசினான் என்று அவர் சொல்லுவார். அதனால் மறுமுறை அழைப்பு வந்தபோது நானே போனை வாங்கினேன்.

"மேடம், நீங்க சந்தேகப்படுறது நியாயம்தான்," என்றார் மனேஜர். நான் அதுவரை வாயே திறக்கவில்லை.

"உங்கட ரீமில எத்தினை பேர்?" என்று கேட்டேன்.

"பதினெட்டுப் பேர் மேடம்."

"பதினெட்டுப் பேர் இருக்கேக்கை இவர் என்னத்துக்கு?"

"எல்லாரும் வேகமா போடுறவங்க. மெதுவா போடத் தெரிஞ்ச ஆள் இல்ல."

பதில் சுத்தமாக இருந்தது. அவ்வளவு சுத்தமாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் எங்களிடம் ஒரு சதமும் கேட்காதது இன்னும் பிடிக்கவில்லை. அவர் சொன்ன மைதானத்தைக் கணினி வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். ஒரு பூங்கா, இரண்டு பேஸ்பால் திடல்கள், பெரிய கார் தரிப்பிடம், நடுவே வெளிறிய ஒரு கோடு. அதுதான் பிட்ச். பார்வையாளர் அமர ஒரு படியைக்கூடக் காணவில்லை.

"இதோ பாருங்கோ, உது பள்ளிக்கூட விளையாட்டுத் திடல் மாதிரிக் கிடக்கு," என்று கணவரிடம் சொன்னேன்.

"நீர் எல்லாத்திலயும் ஓட்டை பாக்கிறீர். எனக்கு இனி எத்தினை வருசம் இருக்கு விளையாட?" என்றார் அவர்.

அதற்கு மேல் நான் வேண்டாம் என்று நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். விளையாட்டு வீரர்களுக்கான வீசாவுக்கு நேர்முகம் வைத்து, தூதரகமே திருப்பி அனுப்பிவிடும் என்று நம்பினேன். கொடுத்துவிட்டார்கள். ஜூன் தொடக்கத்தில், வேலையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு போனார்.

போட்டிகள் சனி, ஞாயிறுகளில் அவர்களுக்குக் காலை நேரத்தில் நடந்தன. எங்களுக்கு அது பின்னேரம். ஒரு கம்பத்தில் கட்டிய ஒற்றைக் கமெரா வழியாக இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். மேசையின் மறுபக்கம் மகள் படித்துக்கொண்டிருப்பாள், ஆகவே நான் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். ஆட்கள் தீக்குச்சிகள் போலத் தெரிந்தார்கள். பந்து வீசுமுன் காற்சட்டையில் இரண்டு முறை கையைத் துடைக்கிற தீக்குச்சி எங்கள் வீட்டுடையது. முதல் இரண்டு கிழமையும் அவர் விளையாடினார். இரண்டாவது போட்டியில் மூன்று பேரை ஆட்டமிழக்கச் செய்தார். நான் மகளின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன்.

மூன்றாம் கிழமை அவரைக் காணவில்லை. அடுத்த கிழமையும் இல்லை.

"இண்டைக்கு எப்பிடி?" என்று போனில் கேட்டேன்.

"நல்லாப் போச்சு."

"விளையாடினீங்களோ?"

"கிறவுண்டிலதானே நிண்டனான்."

பந்து போட்டேன் என்று அவர் சொல்லவில்லை. பதினைந்து வருடக் குடித்தனத்தில் எனக்குத் தெரியும், அவர் பொய் சொல்லமாட்டார், ஆனால் உண்மையைச் சுற்றிக்கொண்டு போவார். அன்றிலிருந்து ஒவ்வொரு வீடியோ அழைப்பையும் நான் விசாரணை போலப் பார்த்தேன். பின்னால் தெரிந்த சுவர் எந்த வீட்டுச் சுவர்? அணியின் சட்டைக்குப் பதில் ஏன் கொலர் வைத்த சட்டை? தலைமுடியைப் புதிதாக வெட்டியிருந்தார். குரல் கம்மியிருந்தது.

"பந்து போடுறவருக்கு ஏன் தொண்டை கட்டுது?"

"வெயில், தண்ணி மாறினது," என்றார்.

மகளை அழைத்து ஆங்கிலச் சொற்களுக்கு உச்சரிப்புக் கேட்டார். இந்த வயதில் யாருக்காக ஆங்கிலம் திருத்துகிறார்? ஏதாவது கடையில் கூவி விற்க விட்டுவிட்டார்களோ என்று ஒரு நாள் நினைத்தேன். வேறு பெண்ணோ என்று இன்னொரு நாள். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒரு மாத்திரைப் பெட்டிக்குத் தவறான லேபலை ஒட்டிவிட்டேன்; மேலதிகாரி கண்டுபிடித்துத் திருப்பித் தந்தார். அதன்பின் மனேஜரை அழைத்தேன்.

"சார் எப்படி இருக்கார்னு கேக்குறீங்களா? ரொம்ப பிஸி மேடம். டீம்ல எல்லாருக்கும் அவரப் பிடிச்சுப் போச்சு."

இருவரும் ஒரே மாதிரிப் பேசினார்கள். அது என்னை இன்னும் பயப்படுத்தியது.

ஏழாம் கிழமை சனிக்கிழமை. மகள் சிநேகிதிகளோடு வெளியே போயிருந்தாள். வீட்டில் யாருமில்லாததால் முதல் முறையாகச் சத்தத்தைக் கூட்டினேன்.

என் கணவரின் குரல் கேட்டது.

ஆங்கிலத்தில், அளந்து, ஒவ்வொரு சொல்லாக வைத்து, போட்டியை வர்ணித்துக்கொண்டிருந்தார். மட்டையாளர் எங்கே பார்க்கிறார், அடுத்த பந்து ஏன் மெதுவாக வரும் என்று முன்கூட்டியே சொன்னார். அது அப்படியே வந்தது. கூட இருந்த அமெரிக்க வர்ணனையாளர் சிரித்துவிட்டுக் கேட்டார், "உடைந்த விரல் எப்படி இருக்கிறது?" இவர், "அடுத்த மாதம் கட்டு அவிழ்ப்பார்கள், ஆனால் எனக்கு இந்தப் பருவம் முடிந்தது," என்றார். திரையின் மூலையில் முப்பத்தொரு பேர் பார்க்கிறார்கள் என்று இருந்தது. மற்ற முப்பது பேருக்கும் இது எப்போதோ தெரிந்திருக்கும்.

போட்டி முடியும்வரை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அழைத்தேன்.

"விரல் எப்பிடி?"

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தான். ஊருக்கெல்லாம் சொன்னீங்கள், எனக்கு மட்டும் சொல்லேல்லை."

"நீர் வேண்டாம் வேண்டாமெண்டு சொல்லச் சொல்ல வந்தனான். மூண்டாம் கிழமையே பயிற்சியில கச் பிடிக்கப் போய் விரலை உடைச்சுப்போட்டு நிக்கிறனெண்டு என்னெண்டு சொல்லுறது?"

"அவை திருப்பி அனுப்பேல்லையோ?"

"மனேஜர் விடேல்லை. ஒப்பந்தம் முடியுமட்டும் இருங்க, மைக்கில பேசுங்க எண்டவர். உம்மட்டைச் சொல்லவேண்டாமெண்டு நான்தான் அவரைக் கேட்டனான்."

"கையைக் காட்டுங்கோ."

இடது கையைக் கமெராவுக்கு முன் தூக்கினார். உடைந்த நடுவிரலை மோதிர விரலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அத்தனை கிழமைகளாக எல்லா அழைப்பிலும் அவர் வலது கையால் போனைப் பிடித்துக்கொண்டு இடது கையை மேசைக்குக் கீழே வைத்திருந்திருக்கிறார். நான் சுவரையும் சட்டையையும் தலைமுடியையும் ஆராய்ந்தேன். கையை ஒருநாளும் தேடவில்லை.

கோபம் வந்தது. மனேஜரைச் சந்தேகித்ததை நினைத்து வெட்கமும் வந்தது. அடுத்த நாள் அவரை அழைத்து நன்றி சொன்னேன். அவர், "பரவால்ல மேடம்," என்றார். அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னாலும் ஏதாவது இருக்குமோ என்று என் மனம் ஒரு கணம் தேடத்தான் செய்தது.

ஆகஸ்டில் கணவர் வந்துவிட்டார். விமான நிலையத்தில் மகள் முதலில் அவருடைய கையைத்தான் பிடித்துப் பார்த்தாள். பிறகு புதன்கிழமைகளில் விரலுக்குப் பயிற்சி செய்ய ஆஸ்பத்திரிக்குப் போனார். ஈரப் பஞ்சைப் பிழியச் சொன்னார்கள், ரப்பர் பந்தை நெரிக்கச் சொன்னார்கள். விரல் முக்கால்வாசி மடங்கியது. இதற்குமேல் ஏலாது என்றார்கள். அந்த விரலால்தான் அவர் பந்தைச் சுழற்றுவார்.

பந்து போடுவதைவிட மைக்கில் கதைப்பதுதான் தனக்குப் பிடித்திருந்தது என்று வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறார். என்னிடமும் சொன்னார். நான் ஓம் என்றேன். நம்பவில்லை.