நின்ற லொறி குடித்த டீசல்

என் கணவருக்குக் குளிர் ஆகாது. பதுளை மலையில் ஸ்பிரிங்வெளிப் பக்கம் பிறந்து, ஐம்பது வருடமாக அந்தப் பனியிலேயே கிடந்த மனிதருக்குத் திடீரென்று எப்படிக் குளிர் ஆகாமல் போனது என்று கேட்டால், லொறிதான் காரணம் என்பேன். முன்பு அவர் ஓட்டிய பழைய லொறியில் ஒரு பக்கக் கண்ணாடி ஏறவே ஏறாது. அந்த இடைவெளியில் உரச் சாக்கை மடித்துச் செருகிக்கொண்டு ஓட்டினார். அப்போதெல்லாம் ஒரு தும்மல்கூட வந்ததில்லை. பிறகு ஜப்பானில் பாவித்த லொறி ஒன்றை வாங்கினோம். அதில் ஹீட்டர் இருந்தது. குமிழைத் திருகினால் காலடியிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வரும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால்தான் வரும் என்பது ஒன்றுதான் அதில் குறை.

அந்த லொறியில் சிறு தோட்டக்காரர்களின் தேயிலைக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு போய், பதுளைக்குப் போகும் வழியிலுள்ள தொழிற்சாலையில் இறக்குவார். நான் பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அதனால் அவர் வேலை நேரத்தில் என்ன செய்கிறார் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. ஒரு லீவு நாளில் பகல் சோற்றை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனேன். கொழுந்து இறக்குவதற்காக ஏழெட்டு லொறிகள் வரிசையில் நின்றன. மற்ற டிரைவர்மார் எஞ்சினை நிறுத்திவிட்டு, எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் கூடிக் கதையளந்துகொண்டிருந்தார்கள். ஒரே ஒரு லொறி மட்டும் உறுமிக்கொண்டே நின்றது. எங்களுடையது. கண்ணாடியெல்லாம் ஏற்றப்பட்டிருந்தது. உள்ளே என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

கண்ணாடியைத் தட்டினேன். பதறி எழுந்தார்.

"எவ்வளவு நேரமாங்க இப்பிடி ஓடுது?"

"இப்பத்தான் போட்டேன்."

தேத்தண்ணிக் கடையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "அக்கா, காலையில பத்து மணிக்குப் போட்டது. அண்ணன் கனவுலயே கொழும்புக்குப் போயிட்டு வந்திருப்பாரு."

வீட்டுக்கு வந்ததும் பேச்சு தொடங்கியது. அவர் தன் பக்கத்துக்கு நிறையக் காரணங்கள் வைத்திருந்தார். எஞ்சின் ஆறிவிட்டால் மறுபடி கிளம்ப அடம்பிடிக்குமாம். அடிக்கடி நிறுத்தி நிறுத்திப் போட்டால் ஸ்டார்ட்டர் போய்விடுமாம். கொழுந்து ஏற்றிய லொறிக்கு ஈரம் ஆகாதாம். கடைசிக் காரணத்தைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சும்மா நிக்கிற லொறி என்னத்த பெரிசா குடிச்சிரப் போகுது? ஒரு வாய் டீசல். அவ்வளவுதான்," என்றார்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் டீசலுக்காகப் பகல் முழுக்க வரிசையில் நின்ற நாட்களை மறந்துவிட்டு அப்படிச் சொன்னது எனக்குக் கோபமாக இருந்தது. ஆனால் கோபப்பட்டு அவரை வென்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பதுளை டவுனில் எங்கள் லொறியைப் பார்க்கும் கராஜ்காரர் ஒருவர் இருக்கிறார். நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய முற்றம் சீமெந்து போட்ட சமதரை. ஒரு சனிக்கிழமை லொறியை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, டயர் நின்ற இடத்தைச் சோக்கால் கோடு போட்டுக்கொண்டேன். டாங்கியின் கழுத்து வரை டீசல் நிரப்பினோம். பிறகு எஞ்சினைப் போட்டு, ஹீட்டரையும் போட்டு, ஒரு மணி நேரம் ஓடவிட்டோம். என் கணவர் கேபினுக்குள் ஏறி உட்கார்ந்தார். பரிசோதனை சரியாக நடக்க வேண்டுமாம். அதற்காகத்தானாம்.

ஒரு மணி நேரம் முடிந்ததும் எஞ்சினை நிறுத்தி, லீற்றர் போத்தலால் மறுபடி கழுத்து வரை ஊற்றினேன். டீசல் நுரைத்துக்கொண்டு வந்தது. நுரை அடங்கும்வரை காத்திருந்து ஊற்றினேன். ஒரு போத்தல் முழுதாகக் காலியானது. அதற்கு மேலும் ஒரு தேத்தண்ணிக் கிளாஸ் பிடித்தது.

"நொரையையும் சேத்து அளக்குற," என்றார் கணவர்.

"நுரை அடங்கினாப் பிறகுதான் ஊத்தினேன். நானா பாத்துக்கிட்டுத்தானே இருந்தாரு?"

நானா துணியில் கையைத் துடைத்துக்கொண்டே பொதுவாக ஒரு தலையாட்டு ஆட்டினார்.

"அடிக்கடி ஸ்டார்ட் பண்ணினா ஸ்டார்ட்டர் போயிருமா நானா?"

"ஒரு நாளைக்கு ரெண்டு தரம் கூடப் போட்டு ஒரு ஸ்டார்ட்டர் போகுது எண்டா, அது முந்தியே போன ஸ்டார்ட்டர் டீச்சர்," என்றார் நானா. உடனே என் கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா காலையில கொஞ்சம் சூடாக விடத்தான் வேணும். அண்ணன் சொல்றதும் பிழையில்ல," என்று சேர்த்துக்கொண்டார். இரண்டு பேருமே அவருக்கு வாடிக்கைக்காரர்கள்.

ஒரு நாளைக்கு வரிசையில் இரண்டு மணி நேரம். வாரத்துக்கு ஆறு நாள். மாதத்துக்கு எத்தனை போத்தல் என்று நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. வரும் வழியெல்லாம் அவரே விரல் மடித்துக்கொண்டு வந்தார். ஹாலிஎல வீதியில் ஒரு பஸ் ஹோன் அடித்தபோதுதான் இரண்டு கையையும் ஸ்டியரிங்குக்குக் கொண்டுவந்தார்.

இனி வரிசையில் எஞ்சினை நிறுத்துவதாக வீட்டுக்கு வந்ததும் சொன்னார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து நிறுத்தினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்தான், ஆனால் அதைச் சத்தமில்லாமல் செய்கிறவர் அல்ல. இரண்டு ஜம்பர், காதுவரை இழுத்த கம்பளித் தொப்பி, அதற்கு மேல் என்னுடைய சால்வை. பிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணி. இந்தக் கோலத்தில் கேபினுக்குள் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பெண் டிரைவர் வந்துவிட்டதாகத் தொழிற்சாலையில் யாரோ சொன்னார்களாம். அதை வீட்டில் வந்து நாலு தடவை சொன்னார், என் மனம் இளகும் என்று. இளகவில்லை.

மூன்று வாரம் அப்படிப் போயிற்று. பாடசாலை விடுமுறை தொடங்கியிருந்தது. வீட்டுச் சாமான் வாங்குவதற்காக அன்று நானும் லொறியில் பதுளைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். முதல் நாளிலிருந்தே மழை. ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் பாதையில், பாதித் தூரத்தில் மண் சரிந்து கிடந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை, பாதைதான் மூடிவிட்டது. மண் அள்ளும் பெக்கோ பதுளையிலிருந்து வர வேண்டும் என்றார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு வேன். பின்னால் ஓர் ஆட்டோ வந்து நின்றது.

கணவர் எஞ்சினை நிறுத்தினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டார்.

அரை மணி நேரம் கழித்து ஆட்டோவை ஓட்டி வந்த இளைஞன் எங்கள் கதவைத் தட்டினான். "அக்கா, வெந்நி ஏதும் இருக்குங்களா? தங்கச்சிக்கு. ஆஸ்பத்திரியிலருந்து பிள்ளைய தூக்கிக்கிட்டு வாரோம்."

பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆட்டோவின் ரெக்சின் மறைப்பு ஒரு பக்கம் கிழிந்திருந்தது. உள்ளே ஒரு சின்னப் பெண், இருபது வயதுகூட இருக்காது, மடியில் ஒரு துணிப் பொட்டலத்தை அணைத்தபடி நடுங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்து நான்கு நாள். புருஷன் கொழும்பில் வேலை. அண்ணன்தான் கூட்டிப்போகிறான். பொட்டலத்தை விலக்கிப் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். கல்லைத் தொட்டது போல இருந்தது.

தாயையும் பிள்ளையையும் லொறிக்குள் ஏற்றினேன். கதவைச் சாத்தியதும் கணவரைப் பார்த்து, "ஹீட்டரைப் போடுங்க," என்றேன்.

அவர் தொப்பியைக் காதுக்கு மேலே தூக்கினார். "என்ன சொன்ன?"

"ஹீட்டர்ங்க. சீக்கிரம்."

"டீச்சரம்மா, மணிக்கு ஒரு போத்தல், அதுக்கு மேல ஒரு..."

"போடப் போறீங்களா, நான் போடவா?"

போட்டார். எஞ்சின் சூடாகிக் காற்று வெதுவெதுப்பாக வருவதற்குப் பத்து நிமிடம் ஆனது. புகை உள்ளே தங்கிவிடக் கூடாது என்று கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவைத்தேன். சால்வையை அவர் தோளிலிருந்து எடுத்துப் பிள்ளையைச் சுற்றினேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் தாய்க்கு உயிர் வந்தது. பால் கொடுக்க வேண்டும். அவள் கூச்சத்தோடு நிமிர்ந்து பார்ப்பதற்குள் என் கணவர் கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கிவிட்டார்.

அப்புறம் உள்ளே வரவில்லை. பிள்ளை குடித்துத் தூங்கி, மறுபடி எழுந்து குடித்தது. பெக்கோ வந்து மண்ணை அள்ளி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அந்தக் கிழிந்த ஆட்டோவுக்குள் அந்தப் பையனோடு ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடையில் ஒரு தடவை கண்ணாடி வழியாகக் கூப்பிட்டேன். "நீங்க சும்மா ஒக்காருங்க. எனக்கென்ன, பழகினதுதானே," என்றார். பல் தந்தியடித்தது. குளிர் ஆகாத அந்த மனிதர் பொய் சொல்வதை அன்றுதான் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன்.

நான் டீசல் முள்ளைப் பார்த்தேன். கால் டாங்கி காட்டியது. மனதுக்குள் கணக்குப் போட்டேன். மூன்று மணி நேரத்துக்கு நான்கு லீற்றருக்குக் கிட்ட. அவர்களைத் தோட்டத்து மேல் டிவிஷனிலுள்ள அவர்களுடைய லயத்து வீட்டில் இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து, நாளைக்குக் கொழுந்தும் ஏற்றலாம். வெளியே தலையை நீட்டி, "தாராளமா போதும்ங்க!" என்று கத்தினேன். அவர் ஆட்டோவுக்குள்ளிருந்து கையைக் காட்டினார்.

பாதை திறந்ததும் அவளையும் பிள்ளையையும் கேபினிலேயே வைத்து, எங்கள் வீட்டைத் தாண்டி மேல் டிவிஷன்வரை கொண்டுபோனோம். ஆட்டோ பின்னால் முனகிக்கொண்டே ஏறியது. லயத்து வாசலில் அவளுடைய அம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டார். திரும்பி வந்தோம். இரண்டு வளைவுதான் இறங்கியிருப்போம். லொறி இருமியது. இன்னொரு தடவை இருமிவிட்டு நின்றுபோனது.

"கால் டாங்கி இருக்கே!" என்றேன்.

கணவர் முள் இருந்த கண்ணாடியை விரலால் சுண்டினார். முள் பொத்தென்று கீழே விழுந்தது.

"அது காலுல வந்து எப்பவும் ஒட்டிக்கிரும். ஒரு மாசமா அப்பிடித்தான்."

"தெரிஞ்சுக்கிட்டே ஏங்க பேசாம இருந்தீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "நீ வாய் தொறந்து ஹீட்டர் போடச் சொன்ன. அத நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வருமா?"

லயத்துக்கு ஏறி நடந்துபோய் ஆட்டோக்காரப் பையனைக் கூட்டிவந்து, கேனோடு அவன் ஆட்டோவில் ஏறிப் பதுளைக்குப் போனார். அவர் வரும்வரை நான் நின்றுபோன லொறிக்குள் தனியாக உட்கார்ந்திருந்தேன். மழை விட்டிருந்தது. எதிர் மலையில் மேகம் விலகி, தேயிலை ஈரத்தோடு பளிச்சென்று தெரிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பதினைந்து நிமிடத்துக்கு மேல் அந்த அழகை என்னால் பார்க்க முடியவில்லை. கால்விரல் விறைத்துப்போனது. உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் இப்படி உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று முதல் தடவையாக நினைத்துப் பார்த்தேன். இதை அவரிடம் நான் சொல்லவில்லை. இனியும் சொல்லும் உத்தேசம் இல்லை.

டீசல் ஊற்றியதும் லொறி உடனே கிளம்பிவிடாது. குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அவர் கீழே குனிந்து கைப்பம்பை அமுக்க, நான் சாவியைத் திருக, பொழுது சாய்வதற்கு முன் ஒருவழியாக எஞ்சின் உயிர் பெற்றது. வீட்டுக்கு வந்தபோது இரண்டு பேர் கையிலும் டீசல் வாடை. மூன்று நாள் போகவில்லை.

அதன் பிறகு எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. மழை நாளில் அரை மணி நேரம் ஹீட்டர் போடலாம். மற்ற நாளில் கிடையாது. அவர் அதை ஒழுங்காகவே கடைப்பிடித்தார். மழைக்காலம் முடியும்வரை எனக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்சம் சலிப்பாகக்கூட இருந்தது.

வெயில் காலம் வந்தது. பதுளை டவுனில் பகலில் நின்றால் உச்சி காயும். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர் வழக்கத்துக்கு மாறாக வியர்வையே இல்லாமல், தலைமுடி கலையாமல் வந்து உட்கார்ந்தார்.

"என்னங்க, இன்னிக்கு வரிசை இல்லியா?"

"இருந்திச்சே. ரெண்டு மணி நேரம்." தேத்தண்ணியை ஊதிக் குடித்துவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "இந்த லொறியில ஏசியும் வேல செய்யுதுன்னு நானா இன்னிக்குத்தான் சொன்னாரு. ஹீட்டரப் பத்தி மட்டுந்தானே நாம பேசிக்கிட்டது?"