பிஸ்கட் டின்னில் முதல் பிடி

மலேசியாவில், ஈப்போ நகரத்தில், எங்கள் அடுக்குமாடி வீட்டின் அடுப்படித் தரையில் நான் விழுந்துகிடந்த அந்தச் சனிக்கிழமையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. எண்பதுகளின் தொடக்கம், இன்றைக்கு எட்டு வருடத்துக்கு முன்பு. வயிற்றில் எட்டு மாதம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பிறக்குமுன்னே இழந்தவள் நான். ஈரத்தில் வழுக்கி விழுந்தேன், இரத்தம் போகத் தொடங்கியது. கணவர் லாரி ஓட்டிக்கொண்டு தெற்கே தூரத்து ஜொகூருக்குப் போயிருந்தார். எவ்வளவோ கத்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ரேடியோ சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அழகாக ஜெபிக்க எனக்கு அப்போது வரவில்லை. கர்த்தரோடு சண்டைதான் போட்டேன். "ரெண்டைக் கொண்டுபோய்ட்டீங்க ஆண்டவரே, இதையுமா? எங்க சபை ஜனத்தையும் ஆளுக்கொரு திசையா அனுப்பிட்டீங்க. இந்த ஊர்ல எனக்கு யாரு இருக்கா? யாரையாவது அனுப்புங்க!"

அந்தச் சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட சின்னச் சபை. அங்கே பெண்களுக்கு ஒரு வழக்கம். உலையில் அரிசி போடுமுன் முதல் பிடியைக் கர்த்தருக்கென்று தனியே எடுத்து வைப்போம். ஞாயிறன்று எல்லார் அரிசியையும் ஒன்றாகக் கொட்டி, பிரசவ வீட்டுக்கோ காய்ச்சல்காரர் வீட்டுக்கோ அனுப்புவோம். பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். சிலர் சித்தியவானுக்குப் போனார்கள், சிலர் தெலுக் இந்தானுக்கு. நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம்.

இங்கே நாங்கள் போன டவுன் சபையில் அந்த வழக்கம் இல்லை. என் கைதான் விடவில்லை. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டே வந்தேன். கணவர் கேலி செய்வார். "வாங்கிக்க ஆளே இல்லலா, யாருக்கு எடுத்து வைக்கிற?"

டின் நிறைந்தது. வண்டு விழுந்துவிடுமே என்று மேல்மாடி லெட்சுமி அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. அக்கா முருகனைக் கும்பிடுகிறவர்.

"என்ன புள்ள இது?"

"எங்க சாமிக்கு எடுத்து வெச்சதுக்கா. அவரு சாப்பிட மாட்டாரு, நீங்க சாப்பிடுங்க."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் காலையில் அரிசியைக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

நான் விழுந்த சனிக்கிழமை போகவில்லை. வெறுமனே சாத்தியிருந்த கதவு திறந்தது.

"ரோஸு! எங்க ஆளையே காணோம்?" என்றபடி வந்த லெட்சுமி அக்கா, என்னைப் பார்த்ததும் "ஐயோ முருகா!" என்று அலறினார்.

கீழ்த்தளத்தில் கடை வைத்திருந்த சீனர் தன் வேனில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அக்காவின் மடியில் என் தலை. வழியெல்லாம் அவர் முருகனைக் கூப்பிட்டார், நான் இயேசுவைக் கூப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றார் டாக்டர்.

மகள் பிறந்தாள். கிரேஸ் என்று பெயர் வைத்தோம். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், சரியான வாயாடி.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அக்காவிடம் கேட்டேன். "அரிசி வரலன்னு பார்க்க வந்தீங்களாக்கா?"

"அரிசி கிடக்குது போ. நீ தவற மாட்டியே, அதான் மனசு கேக்கல, வந்துட்டேன்."

நான் அழுதேன். சபையைச் சிதறடித்துவிட்டீர் என்று யாரோடு சண்டை போட்டேனோ, அவர் அந்தச் சபை சொல்லித்தந்த வழக்கத்தை வைத்தே எனக்கு ஆள் அனுப்பியிருந்தார். ஸ்தோத்திரம் ஆண்டவரே!

கேலி செய்த மனிதர் இப்போது வீட்டில் இருக்கும் நாளெல்லாம் தானே அரிசிப் பானைக்குள் கைவிடுகிறார். "உன் கை சின்னக் கைலா, தள்ளு" என்று அள்ளிப் போடுகிறார்.

பிரியமானவர்களே, நாளைக்கு உலை வைக்கும்போது நீங்களும் முதல் பிடியை எடுத்து வையுங்கள். யாருக்கு என்று இப்போதே தெரிய வேண்டாம். கர்த்தருக்குத் தெரியும்.