செம்பு ஏறிய கல்

மண்டபத்திலிருந்து மதுரைக்கு மாற்றலாகி வந்த வருடம் நல்லகாமன் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள், மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. வேளாண்மை அலுவலகத்தில் உதவியாளர் அவர். நான்கு வருடம் கடலோரத்தில் அறை எடுத்துத் தனியாகத் தங்கி, லீவு கிடைத்தால் மட்டும் தல்லாகுளத்து வீட்டுக்கு வந்துபோனவர். அங்கே சாயங்காலங்களில் பாறை இடுக்கில் குனிந்து பார்த்துப் பழகியதை முன்னறையில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். உப்புத்தூளைக் கரைத்துக் கடல்தண்ணீர் ஆக்கி, ஓட்டை ஓட்டையான கற்களை அடுக்கி, ஒரு ஜோடி கோமாளி மீனும் காளான் மாதிரி விரியும் பவளமும் விட்டார். மனைவி தாமரைச்செல்வி ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

கோடை வெயிலில் தண்ணீர் வற்ற வற்றக் குழாய்த் தண்ணீரையே ஊற்றி நிரப்பினார். பாசி வந்தது. முதலில் கல்லின் ஓரத்தில் பச்சை மயிர் போல; பிறகு கல்லே தெரியாதபடி.

"என்னப்பா, வீட்டுக்குள்ள நாத்தங்கால் போட்டிருக்கீக?" என்று சிரித்தாள் மகள் தமிழ்வாணி. தாமரைச்செல்வி சிரிக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள் என்றாள்.

நல்லகாமன் தேடிப் படித்தார். குழாய்த் தண்ணீரில் இருக்கும் சத்தும், மீன் தின்னாமல் விட்ட தீனியும், நாள் முழுக்க எரியும் விளக்கும் சேர்ந்துதான் பாசியை வளர்க்கின்றன என்று தெரிந்தது. அதன்பிறகு வடிகட்டிய தண்ணீர் மட்டும் ஊற்றினார். விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தார். தீனியை விரல்நுனி அளவாக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துப் பிடுங்கினார். சென்னையிலிருந்து பாசி மேயும் நத்தைகளை வரவழைத்தார். பிடுங்கப் பிடுங்க முளைத்தது. ஆனாலும் ஆடி மாதத்தில் ஒரு கல்லின் மேல்பக்கம் பச்சை விலகி, அடியில் ரோஸ் நிறத்தில் மெல்லிய படை தெரிந்தது. கல் தேறி வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் போனில் இருந்து கண்ணெடுத்து, "ம், அழகா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆவணி பிறந்ததும் அவளைப் பெண் பார்க்கத் திருமங்கலத்திலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

"அதுக்குள்ள இதச் சுத்தம் பண்ணுங்க. இல்லாட்டி எடுத்துப் பின்னாடி வைங்க" என்றாள் தாமரைச்செல்வி.

"ஒரு மாசம் பொறு. தானா போயிரும்."

"அவுக வாரது இந்த ஞாயித்துக்கெழம."

சனிக்கிழமை பயிர்க் கணக்கெடுப்புக்காகத் திருவாதவூர் போனவர், பொழுது சாயும்போது வீடு திரும்பினார். முன்னறை முழுக்கச் சாம்பிராணிப் புகை. தொட்டித் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. கற்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. நத்தைகள் மணலில் மல்லாந்து கிடந்தன. பவளம் சளியாக வழிந்திருந்தது. மீன் இரண்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின.

மனைவியின் தம்பி முத்துக்குமரன் ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தான். "எப்படி மச்சான்? கல்லு பூராவும் வெளியே எடுத்து கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். திரும்ப முளைக்காம இருக்க நீல மருந்தும் ஊத்தியாச்சு. தங்கமீன் விக்கிற கடையில குடுத்தாக."

"அதுல செம்பு இருக்கு மாப்ள. நத்தைக்கு அது வெசம். கல்லுக்குள்ள ஏறிருச்சுன்னா வெளிய வராது."

"நத்தைதானே மச்சான்" என்றான் முத்துக்குமரன். அவன் உண்மையிலேயே உதவி செய்ததாகத்தான் நினைத்தான்.

நல்லகாமன் மனைவி பக்கம் திரும்பினார். "ஏங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

தாமரைச்செல்வி பூக்கட்டுவதை நிறுத்தவில்லை. "மஞ்சக்காமாலையில உங்க மக ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, லீவு கிடைக்கலன்னு போன்ல சொன்னீக. அப்ப எம்புட்டு நாள் நானும் இவனும் மாறி மாறி முழிச்சிருந்தோம்? இன்னிக்கு நத்தைக்காக நிக்கிறீக."

அது பொய் இல்லை. வடிகட்டிய தண்ணீர் இருந்த மட்டும் எடுத்து, உப்புக் கரைத்து, பாதித் தண்ணீரை மாற்றினார். யாரும் உதவிக்கு வரவில்லை. விடியும்போது மீன் இரண்டும் மிதந்தன.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தொட்டிக்கு எதிரே இருந்த நாற்காலி மாப்பிள்ளையின் அப்பாவுக்கு. குனிந்து, இடமும் வலமும் பார்த்துவிட்டு, "என்ன சம்பந்தி, தண்ணிய மட்டும் வளக்குறீகளா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தாமரைச்செல்வியும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. நல்லகாமனும் சிரித்தார். கல்யாணம் நிச்சயமானது.

நிச்சயம் முடிந்த பிறகு மொத்தத் தண்ணீரையும் மாற்றி, புதிதாக நாலைந்து நத்தைகள் வாங்கி விட்டுப் பார்த்தார். கண்ணாடியைப் பிடித்து ஏறக்கூடத் தெம்பில்லாமல் அவை ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. கல் குடித்த செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துப்பிக்கொண்டிருந்தது. கற்களைச் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினார். தொட்டியைக் காய வைத்தார்.

தை மாதம் தமிழ்வாணி திருமங்கலம் போனாள். வீட்டில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். ஒருநாள் சாப்பாடு போடும்போது தாமரைச்செல்வி, "சும்மாதானே உக்காந்திருக்கீக. புதுக்கல்லு வாங்கி மறுபடி வைங்களேன். இனிமே யார் என்ன சொல்லப்போறா?" என்றாள். குரலில் எகத்தாளம் இல்லை. கொஞ்சம் கெஞ்சல்கூட இருந்திருக்கலாம்.

"எதுக்கு? பேரப்பிள்ளைக்குக் காது குத்தும்போது உன் தம்பி வந்து தேய்ச்சுக் கழுவவா?"

அவள் கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் போட்டுவிட்டு எழுந்துபோனாள். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அவர் தானே குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.